காமாலைச் சூடும் மூன்று கொட்டாங்குச்சிகளும்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: அந்த மனிதருக்கு எந்தத் தண்டனையும் கிடைக்கவில்லை. அடி அண்ணாமலையில், மலை சுற்றும் பாதையோரம், அவருடைய கடை அதற்குப் பிறகும் பல வருடம் நடந்தது. தேங்காய், கற்பூரம், வாழைப்பழம், சோடா. பௌர்ணமிக்குக் கூட்டம் கூடக் கூட வியாபாரமும் ஜாஸ்தியானது. கெட்டவன் அழிந்தான் என்ற கதை வேண்டுபவர்கள் இங்கேயே எழுந்து போகலாம். அந்த வருடம் எனக்கு ஒரு மெமோ வந்தது. அது ஏன் வந்தது என்பதைத்தான் நான் சொல்லப் போகிறேன். அதில் எனக்கு வருத்தம் துளியும் இல்லை.

எண்பதுகளின் தொடக்கம். திருவண்ணாமலையில் ஒரு சுகாதார நிலையத்தில் கிராம நர்சுகளுக்குப் பயிற்சி கொடுப்பது என் வேலை. அதற்கு முன்னால், எழுபதுகளில், ஆஸ்பத்திரி வார்டில் நர்சாக இருந்தேன். அந்த வார்டில் நான் அதிகமாகக் கேட்ட வார்த்தை எது என்றால், 'விழுந்துட்டான்' என்பதுதான். கை ஒடிந்து வரும் பிள்ளை விழுந்திருக்கும். கன்னத்தில் ஐந்து விரலும் பதிந்து வரும் பிள்ளையும் விழுந்திருக்கும். எங்கள் ஊர்ப் பிள்ளைகள் விழுந்த அளவுக்கு உலகத்தில் வேறெந்தப் பிள்ளையும் விழுந்திருக்காது. டாக்டர் தலையாட்டுவார். நான் கட்டுப் போடுவேன். பிள்ளை, தன்னை அடித்த கையையே பிடித்துக்கொண்டு வீட்டுக்குப் போகும்.

பயிற்சி நிலையத்துக்கு வந்த பிறகு ஒருநாள் சென்னையிலிருந்து பெரிய டாக்டர் ஒருவர் வந்தார். குழந்தைகளைக் கொடுமைப்படுத்துவதைக் கண்டுபிடிப்பது எப்படி என்பதுதான் அவர் பாடம். ஜன்னலையெல்லாம் சாத்திவிட்டு, சுவரில் படம் போட்டுக் காட்டினார். எல்லாம் வெள்ளைக்காரப் பிள்ளைகளின் எக்ஸ்ரே. இருட்டும் புழுக்கமும் சேர்ந்து நர்சுகளில் பாதிப் பேர் தூங்கிவிட்டார்கள். விளக்கைப் போட்டதும், சந்தேகம் இருந்தால் கேளுங்கள் என்றார். ஒருத்தி எழுந்து, "வெளிநாட்ல இப்பிடியெல்லாம் பண்றாங்களா சார்? பாவம்ங்க" என்றாள். மற்றவர்களும் உச்சுக் கொட்டினார்கள். எனக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. கோபம்தான் ஜாஸ்தி.

நம் ஊரில் அதெல்லாம் கிடையாது என்று சொல்லிச் சொல்லியே நாம் பழகிவிட்டோம். பெற்றவர்கள் அடிப்பதைப் புகழ்ந்து பழமொழிகூட வைத்திருக்கிறோம். அதை நான் வாயால் சொல்வதில்லை. இங்கேயும் சொல்லப் போவதில்லை.

பகல் சாப்பாடு முடிந்ததும் அதே நர்சுகள் வராந்தாவில் கட்டம் போட்டுப் புளியங்கொட்டையை உருட்டித் தாயம் ஆடுவார்கள். அப்போது ஒருத்தியும் தூங்கமாட்டாள். ஒருத்தி காயை வெட்டிவிட்டால் தேரடி வரைக்கும் கேட்கிற மாதிரி சண்டை நடக்கும். எதிராளி முகம் எப்படி மாறுகிறது, கை எதை மறைக்கிறது என்பதெல்லாம் அவர்கள் கண்ணுக்குத் தப்பாது. எனக்கு இந்தக் கண்தான் வேண்டியிருந்தது. படம் போட்டு அதை வாங்க முடியாது, ஆட்டம் போட்டால் முடியும் என்று தோன்றியது. தோன்றியதைச் செய்துவிடுவது என் சுபாவம். யோசித்துவிட்டுச் செய்யலாமே என்று எங்கள் வீட்டில் ஆயுள் முழுக்கச் சொல்லிப் பார்த்தார்கள்.

ஆட்டம் இதுதான். மூன்று பேர் நடுவில் உட்காருவார்கள். ஒருத்தி அம்மா, ஒருத்தி குழந்தை, ஒருத்தி வீட்டுக்கு வரும் நர்ஸ். குழந்தையாக இருப்பவள் மடியில் ஒரு துணிப் பொம்மை. அதுதான் அவள் உடம்பு. கன்றிப் போன இடத்துக்குத் துணிக்குப் போடும் நீலம், சூட்டுக் காயத்துக்குக் கண்மை, ரத்தக் காயத்துக்குக் குங்குமம். உண்மையில் என்ன நடந்தது என்பது குழந்தையின் கையில் இருக்கும் சீட்டில் மட்டும் எழுதியிருக்கும். அம்மா என்ன பதில் சொல்லவேண்டும் என்பது அவளுடைய சீட்டில். நர்ஸ் வந்து விசாரிப்பாள். சுற்றி உட்கார்ந்து பார்ப்பவர்கள் கடைசியில் ஆளுக்கொரு புளியங்கொட்டையை மூன்று கொட்டாங்குச்சிகளில் ஒன்றில் போடவேண்டும். ஒன்றின் பெயர் 'வைத்தியம்', இன்னொன்று 'தவறிப் பட்டது', மூன்றாவது 'வேண்டுமென்றே'. அதன் பிறகு குழந்தை எழுந்து தன் சீட்டைப் படிப்பாள். சரியாகப் போட்டவர்களுக்குப் பொரி உருண்டை.

பொம்மைகளை எங்கள் அத்தா, அதாவது அப்பா, தைத்துக் கொடுத்தார். மசூதித் தெருவில் தையல் கடை வைத்திருந்தவர். ஆஸ்பத்திரியில் இனி உதவாது என்று கண்டம் செய்து ஒதுக்கியிருந்த பெட்ஷீட்டுகளை நான் கொண்டுபோய்ப் போட்டதும், "மனுஷனுக்குத் தைக்கிற கையால பொம்மைக்குத் தைக்கச் சொல்றியே" என்று முணுமுணுத்தார். ஆனாலும் தைத்தார். கை, கால், விரல்கூடத் தைத்தார். முகத்தில் மட்டும் கண்ணும் வாயும் வைக்கமாட்டேன் என்று சொல்லிவிட்டார். உருவம் செய்து முகம் வைப்பது அவருக்கு ஆகாது. சரி, முகம் இல்லாமலே இருக்கட்டும் என்று வாங்கிக்கொண்டு வந்தேன். அது நல்லதாகவே போயிற்று. முகமில்லாத பொம்மையை யாரும் அடுத்த வீட்டுப் பிள்ளை என்று சொல்லித் தப்பிக்க முடியவில்லை.

முதல் வாரம் கை ஒடிந்தது, கன்னம் வீங்கியது என்று சுலபமாக ஆடினோம். இரண்டாவது வாரம் நான் சூட்டை எடுத்தேன். எங்கள் பக்கத்தில் சூடு வைப்பது வைத்தியமும்கூட. காமாலைக்கு, வலிப்புக்கு, பால் குடிக்காத பிள்ளைக்கு என்று எதையாவது காய்ச்சி உடம்பில் வைத்துவிடுவார்கள். அதைக் கண்டிக்கத்தான் நர்சுகளுக்கு முதலிலிருந்தே பாடம். மூடநம்பிக்கை என்று ஆரம்பித்தால் எந்த நர்சும் மூச்சு விடாமல் பேசுவாள். கோயில் பிரசங்கம் தோற்றுவிடும்.

அன்றைக்கும் அப்படித்தான் ஆனது. நர்சாக வந்தவள் பொம்மையைப் புரட்டினாள். தொடைக்குப் பின்னால் கண்மைக் கோடு. "இது இன்னாம்மா?" என்றாள். அம்மாவாக இருந்தவள் சீட்டில் உள்ளபடி, "காமாலைக்குச் சூடு வெச்சோம்ங்க" என்றாள். அவ்வளவுதான், பிரசங்கம் தொடங்கிவிட்டது. "இந்தக் காலத்துல போயி சூடு வெப்பாங்களா? ஆஸ்பத்திரி எதுக்கு கீது? இந்த மூடநம்பிக்கையாலதான் நாடு இப்பிடி கீது" என்று அம்மாவை வாங்கு வாங்கென்று வாங்கினாள். எல்லோரும் கை தட்டினார்கள். புளியங்கொட்டைகள் அத்தனையும் 'வைத்தியம்' கொட்டாங்குச்சியில் போய் விழுந்தன. மற்ற இரண்டும் காலியாகக் கிடந்தன.

அன்று குழந்தையாக உட்கார்ந்திருந்தவள் நாற்பது தாண்டிய நர்ஸ். கனத்த உடம்பு. அவள் பிள்ளைகளே கல்யாண வயதில் இருந்தார்கள். அடி அண்ணாமலைப் பக்கம் அவளுடைய பொறுப்பு. ஆட்டம் தொடங்கும்போது கட்டைவிரலை வாயில் வைத்து எல்லோரையும் சிரிக்க வைத்தவள், சீட்டைப் படிக்கும் நேரம் வந்தபோது படிக்கவில்லை. நர்சாக வந்தவளைப் பார்த்துக் கேட்டாள்.

"நீ வந்த. அவகிட்ட பேசின. அவள திட்டின. என் மடியில கீற புள்ளய பொரட்டிப் பொரட்டிப் பாத்த. என்னிய ஒரு வார்த்த கேட்டியா? நான் இங்கதான குந்திக்கினு கீறேன்?"

ஆட்டத்துக்காகச் சொல்கிறாள் என்று இரண்டு பேர் சிரித்தார்கள். அவள் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்கள். பிறகு சீட்டைப் படித்தாள்: 'பள்ளிக்கூடம் போகமாட்டேன் என்று அழுதேன். அப்பா கரண்டிக் காம்பைக் காய்ச்சி வைத்தார்.'

நர்சாக ஆடியவளுக்கு ரோஷம் வந்துவிட்டது. "கொழந்தய இன்னாத்த கேக்கறது? அதுக்கு இன்னா தெரியும்?" என்றாள்.

"அதுக்குத்தான் தெரியும். சூடு அது தொடையில இருக்குது, அம்மா தொடையில இல்ல" என்றேன் நான்.

அதற்குப் பிறகு அன்று பாடமே நடக்கவில்லை. பேச்சுதான். அந்தக் கூடத்தில் பாதிப் பேருக்குச் சின்ன வயதில் வீட்டில் வைத்தியச் சூடு வைத்திருந்தார்கள். எங்கே வைத்தார்கள் என்று கேட்டேன். மணிக்கட்டு, முன்கை, தொப்புளைச் சுற்றி, நெற்றியோரம் என்று சொன்னார்கள். சின்னப் புள்ளி அல்லது சின்னக் கோடு. ஊருக்கே தெரியும். தெருவில் போகிறவர்கள்கூடப் பிள்ளையின் கையைப் பிடித்துப் பார்த்து, காமாலையா என்று விசாரித்துவிட்டுப் போவார்கள். தொடைக்குப் பின்னால் யாருக்காவது வைத்தார்களா என்றேன். ஒருத்திக்கும் இல்லை. வைத்தியம் பண்ணுகிறவனுக்கு மறைக்க ஒன்றுமில்லை, கோபத்தில் வைக்கிறவன்தான் பாவாடைக்குள் இடம் தேடுகிறான். இதை எந்தப் புத்தகமும் எங்களுக்குச் சொல்லவில்லை. சூடு என்ற வார்த்தை காதில் விழுந்ததும் நாங்கள் பிரசங்கத்தில் இறங்கிவிட்டோம். அந்தப் பிரசங்கத்துக்குப் பின்னால் எத்தனை பேர் சௌகரியமாக ஒளிந்துகொண்டார்களோ!

அன்றிலிருந்து ஆட்டத்துக்கு ஒரு சட்டம் போட்டேன். முதல் கேள்வி பிள்ளையிடம் கேட்கவேண்டும். 'மூடநம்பிக்கை' என்று எவள் வாயைத் திறந்தாலும் அந்தச் சுற்றில் அவள் அவுட்.

இந்தச் சமயத்தில்தான் வேலூரிலிருந்து மாவட்டச் சுகாதார அதிகாரி ஜீப்பில் வந்து இறங்கினார். அப்போது எங்கள் ஊர் வட ஆற்காடு மாவட்டத்தில் இருந்தது, அதட்டல்களெல்லாம் வேலூரிலிருந்துதான் வரும். கூடத்தில் வயதான நர்ஸ் ஒருத்தி பொம்மையை மடியில் வைத்துக்கொண்டு அழுவதுபோல் நடித்துக்கொண்டிருந்தாள். வாசற்படியில் நின்று பார்த்தார்.

"இது என்ன பால்வாடியா?" என்றார்.

"பயிற்சி சார்."

"கண்டம் பண்ணின பெட்ஷீட்டை வெட்டி பொம்மை தைக்க யார் அனுமதி குடுத்தது?"

"யாரும் குடுக்கல சார். கேட்டா குடுக்கமாட்டீங்கன்னுதான் கேக்காம எடுத்தேன்."

பின்னால் நின்ற நர்சுகள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்கள். அவர் முகம் சிவந்துபோயிற்று. நர்சுகளின் வேலை ஊசி போடுவதும் கணக்குக் கொடுப்பதும்தான், போலீஸ் வேலை இல்லை, இந்த ஆட்டத்தை உடனே நிறுத்தவேண்டும் என்று சொல்லிவிட்டு ஜீப் ஏறினார். எங்கள் அலுவலகத்தில் அதற்குக் 'கொட்டாங்குச்சி ட்ரெய்னிங்' என்று பெயரே வைத்துவிட்டார்கள். வைத்தால் வைத்துக்கொள்ளட்டும். ஜீப் கண்ணுக்கு மறைந்ததும் அடுத்த சுற்றைத் தொடங்கினேன்.

அடி அண்ணாமலை நர்ஸ் அன்று சாயங்காலம் எல்லோரும் போன பிறகும் கிளம்பவில்லை. கொட்டாங்குச்சிகளை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கிக்கொண்டே நின்றாள்.

"அக்கா, என் ஏரியாவுல ஒரு வூடு கீது" என்றாள். "பாதையோரத்துல கடை வெச்சிக்கினு கீறாரே, அவரு வூடு. பொண்ணுக்கு ஏழு வயசிருக்கும். போறப்பல்லாம் தொடையில புதுசா ஒரு சூடு. அம்மாக்காரி காமாலைன்னுவா. நானும் அவள நல்லா திட்டிட்டு வந்துடுவேன். ஒரு புள்ளைக்கு எத்தினி தபா அக்கா காமாலை வரும்?"

மறுநாளே இரண்டு பேரும் போனோம். ஒரு பொம்மையையும் பையில் போட்டுக்கொண்டேன். கடைக்காரர் சரக்கு எடுக்க டவுனுக்குப் போயிருந்தார். கடைக்குப் பின்னால் வீடு. அவர் மனைவி தரையில் உட்கார்ந்து கற்பூரத்தைப் பொட்டலம் மடித்துக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்ததும் எழுந்து நின்றாள். எங்கள் வாயிலிருந்து என்ன வரும் என்று அவளுக்குத் தெரியும். திட்டு வாங்கிக்கொள்ளத் தயாராகத் தலையைக் குனிந்துகொண்டாள்.

நாங்கள் அவளிடம் பேசவில்லை. சுவரோரம் பிள்ளை ஒருக்களித்துப் படுத்திருந்தது. தொட்டால் காய்ச்சல். பக்கத்தில் உட்கார்ந்து பொம்மையைக் கொடுத்தேன். வாங்கிக் கொஞ்ச நேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தது.

"மூஞ்சி இல்ல" என்றது.

"ஆமா, இல்ல. இந்தப் பாப்பாவுக்கு எங்கியோ வலிக்குதாம். எங்கன்னு சொல்லமாட்டேங்குது."

பிள்ளை பொம்மையைக் குப்புறப் போட்டது. தொடைக்குப் பின்னால் கட்டைவிரலை வைத்து அழுத்தியது. "இங்க."

"எப்போலேர்ந்து?"

"சோடா பாட்டில் ஒடஞ்சிச்சே, அப்போலேர்ந்து."

"யாரு வெச்சாங்க?"

"அப்பா." பொம்மையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டது. "பாப்பாவ திட்டாதீங்க. அது வேணும்னு ஒடைக்கல. கை ஈரமா இருந்திச்சு."

பக்கத்தில் இருந்த நர்ஸ் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பின்னால் அந்த அம்மா, யாரும் கேட்காமலே, "காமாலைக்கு வெச்சதுங்க" என்றாள். மனப்பாடம் செய்த பதில் மாதிரி இருந்தது. காயம் சீழ் பிடித்திருக்கிறது, பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும் என்றேன். புருஷனைக் கேட்கவேண்டும் என்பாள் என்று நினைத்தேன். அவள் கற்பூரத்தை அப்படியே போட்டுவிட்டுப் பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு எங்களுக்கு முன்னால் நடந்தாள்.

ஆஸ்பத்திரியில் பிள்ளையைச் சேர்த்துக்கொண்டார்கள். டாக்டர் நல்ல மனிதர், ஆனால் பயந்த சுபாவம். சூட்டுக்காயம் என்று எழுதினார். என்ன காரணம், யாரால் என்ற இடங்களை அப்படியே விட்டார். "வீடு போற அன்னிக்கு எழுதிக்கலாம்மா" என்றார். போலீஸ் ஸ்டேஷனுக்கும் போனேன். "பெத்த அப்பன் மேல கேஸா? வூட்டோட பேசித் தீத்துக்குங்கம்மா" என்று சொல்லி டீ வாங்கிக் கொடுத்தார்கள். டீயைக் குடிக்காமல் வந்துவிட்டேன்.

ஆகவே எல்லாம் அந்தக் காலி இடத்தில் வந்து நின்றது. நாட்டு வைத்தியம் என்று எழுதினால் பிள்ளை அப்பாவோடு கடை வீட்டுக்குத் திரும்பிப் போகும். வேண்டுமென்றே வைத்த சூடு என்று எழுதினால் அதைக் காட்டிப் பிள்ளையைத் தாய்மாமனோடு அனுப்ப டாக்டர் ஒப்புக்கொண்டிருந்தார். மாமன் செங்கத்திலிருந்து வந்து ஆஸ்பத்திரி மரத்தடியில் காத்திருந்தார். அக்காவையும் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போக அவர் தயார். அக்காதான் வாயைத் திறக்கவில்லை.

கடைக்காரர் சும்மா இருப்பாரா? ஊர்ப் பெரிய மனிதர்கள் இரண்டு பேரைப் பிடித்தார். அவர்கள் வேலூருக்குச் சொன்னார்கள். பிள்ளை வீடு போகவேண்டிய நாளன்று அதிகாரியே ஜீப்பில் வந்து டாக்டருடைய அறையில் உட்கார்ந்தார். நானும் அடி அண்ணாமலை நர்சும் சுவரோரம் நின்றோம். பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு அம்மா கதவோரம் நின்றாள்.

கடைக்காரர் மீசையை முறுக்கிக்கொண்டு வந்து சத்தம் போடுவார் என்று நினைத்திருந்தேன். அப்படி வந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவர் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு கை கூப்பி நின்றார்.

"நான் படிக்காதவங்க. காமாலைன்னு எவனோ சொன்னத கேட்டு வெச்சுட்டேன். பெரியவங்க மன்னிக்கணும்."

அதிகாரிக்கு முகம் மலர்ந்துவிட்டது. இப்படி ஒரு ஆளுக்காகத்தான் அவர் காத்திருந்தார். மூடநம்பிக்கையின் தீமைகளைப் பற்றி நிதானமாகப் பேச ஆரம்பித்தார். பெரிய மனிதர்கள் தலையாட்டினார்கள். கடைக்காரர் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் "ஆமாங்க, தப்புங்க" என்றார். டாக்டர் நிம்மதியாகப் பேனாவைத் திறந்தார். ஏழு வயதுப் பிள்ளையின் உடம்பை அந்த அழகான பிரசங்கத்தால் மூடிக்கொண்டிருந்தார்கள். என்னால் பொறுக்க முடியவில்லை.

"சார், காமாலைக்குத் தொடைக்குப் பின்னாடி சூடு வெச்சு நீங்க எங்கியாவது பாத்திருக்கீங்களா?" என்றேன்.

"நீங்க கொஞ்சம் சும்மா இருங்க."

"இருக்கமாட்டேன் சார்."

பெரிய மனிதர்களில் ஒருவர் என்னைப் பார்க்காமல் அதிகாரியிடம் சொன்னார்: "பாய் வூட்டுப் பொண்ணுக்கு எங்க வைத்தியம் இன்னா தெரியும்ங்க?"

"பாய் வூட்ல காமாலை வந்தாலும் கையிலதாங்க வெப்பாங்க. காமாலை எல்லா வூட்லயும் ஒரே காமாலைதான்" என்றேன்.

அடி அண்ணாமலை நர்ஸ் எனக்குப் பக்கத்தில் ஓரடி முன்னால் வந்து நின்றாள். "சார், அந்தப் புள்ளையவே ஒரு வார்த்த கேளுங்க" என்றாள்.

"சின்னக் கொழந்தையைக் கேட்டு ஆபீஸ் நடத்தச் சொல்றீங்களா?" என்றார் அதிகாரி. "உங்க கொட்டாங்குச்சி விளையாட்டெல்லாம் இங்க வேணாம். உங்க ரெண்டு பேருக்கும் மெமோ வரும்."

"அனுப்புங்க சார். வாங்கிக்கறேன்" என்றேன். பிறகு வந்தது. வாங்கிக்கொண்டேன். அடுத்த பயிற்சியில் ஆட்டத்தை நடத்தினேன். அதற்கடுத்ததிலும் நடத்தினேன்.

ஆனால் அன்று அந்த அறையில் என் பேச்சு எடுபடவில்லை என்பதுதான் உண்மை. அதிகாரி டாக்டரைப் பார்த்து, "நாட்டு வைத்தியம்னு எழுதி அனுப்பிடுங்க" என்றார். கடைக்காரர் கூப்பிய கையை இறக்கிவிட்டுப் பிள்ளையின் பக்கம் கை நீட்டினார். பிள்ளை அழவில்லை. அம்மாவின் புடவைக்குப் பின்னால் போய்விட்டது, அவ்வளவுதான்.

அப்போது அந்த அம்மா பேசினாள்.

"எழுதிக்குங்க சார்" என்றாள். "காமாலைன்னே எழுதிக்குங்க. அப்படியே எனக்கும் எழுதிக்குங்க."

எதற்கு என்று யாருக்கும் புரியவில்லை. அவள் பிள்ளையை நர்சிடம் விட்டுவிட்டு நடு அறைக்கு வந்தாள். நோயாளிகள் உட்காரும் பெஞ்சில் ஒரு காலைத் தூக்கி வைத்து, அத்தனை ஆம்பிளைகள் எதிரிலும், புடவையை ஆடுசதை வரைக்கும் ஏற்றினாள். கரண்டிக் காம்பு நீளத்துக்குத் தழும்புகள். ஒன்றுக்கு மேல் ஒன்று.

"இது கல்யாணமான வருஷம். இது எங்க அம்மா வூட்டுக்குப் போவணும்னு கேட்டப்போ. இது இவ பொறந்தப்போ, பொட்டப் புள்ளன்னு. எனக்கு எந்தக் காமாலைக்குங்க வெச்சாரு?"

கடைக்காரர், "ஏய்" என்றார். மெதுவாகத்தான் சொன்னார். அந்த ஒரு சத்தத்தில் அவர் யாரென்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. பெரிய மனிதர்கள் ஜன்னலைப் பார்த்தார்கள். அதிகாரி மேஜைமேல் இருந்த பேப்பர் வெயிட்டை நகர்த்தி நகர்த்தி வைத்தார். அவருக்கு இதற்குத் தோதான பிரசங்கம் கைவசம் இல்லை.

டாக்டர் மட்டும் காகிதத்தை இழுத்து வைத்துக்கொண்டார். பயந்த மனிதர் என்று சொன்னேன் அல்லவா? அன்று அவர் அதிகாரியின் முகத்தைப் பார்க்கவில்லை. காரணம் என்ற இடத்தில் 'வேண்டுமென்றே வைத்த சூடு' என்று எழுதிவிட்டு, அந்த அம்மாவைப் பார்த்து, "யாரால்னு எழுதணும். பேரு சொல்லும்மா" என்றார்.

எங்கள் பக்கத்தில் அந்தக் காலத்துப் பொம்பிளைகள் புருஷன் பெயரைச் சொல்லமாட்டார்கள். ரேஷன் கடையில் கேட்டால் பக்கத்தில் நிற்பவளைச் சொல்லச் சொல்வார்கள். ஆஸ்பத்திரியில் கேட்டால் பிள்ளையை முன்னால் தள்ளுவார்கள். அவர் பெயரில் சாமி இருந்தால் அந்தச் சாமியையே வேறு பெயரில் கும்பிடுவார்கள். நான் சொல்லட்டுமா என்று, மரத்தடியிலிருந்து வாசலுக்கு வந்திருந்த தம்பிக்காரர் கேட்டார். அவள் வேண்டாம் என்று கையைக் காட்டினாள். புடவையை இறக்கிவிட்டு நேராக நின்றாள். புருஷனுடைய கண்ணைப் பார்த்துக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் வருகைப் பதிவுக்குக் கூப்பிடுகிற மாதிரி, அவர் பெயரைச் சொன்னாள்.

டாக்டரின் பேனா அப்படியே நின்றுவிட்டது. அவர் காதில் விழவில்லையோ என்று நினைத்தாளோ என்னவோ, இன்னொரு தடவை சொன்னாள், இந்தத் தடவை இனிஷியலோடு.